லிஸ்ஸி ஹிக்கின்ஸின் குரல், மார்ட்டின் பென்னட்டின் தாளம்: பழைய ஸ்காட்டிஷ் பாட்டை இன்றைய இசைக்காரர்கள் தொடும்போது

சுருதிப்பெட்டி:

வணக்கம் நண்பர்களே. ஸ்காட்லாந்து இசைக்கலைஞர் மார்ட்டின் பென்னட்டின் 'கிரிட்' என்ற இசைத் தொகுப்பைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் பார்த்ததில்லை. அதனால் இந்த இழை. 2003இல் வந்த தொகுப்பு அது. அதில் 'பிளாக்பேர்ட்' என்ற பாட்டைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

குரல் லிஸ்ஸி ஹிக்கின்ஸுடையது. அபர்தீன் ஊர்க்காரர், 1929இல் பிறந்தவர், மீன் அறுத்துச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். 1993இல் இறந்துவிட்டார். அவர் பாடிய 'வாட் எ வாய்ஸ்' என்ற பழைய பாட்டின் ஒலிப்பதிவை எடுத்து, அதைச் சுற்றிப் பென்னட் கட்டிய இசைதான் 'பிளாக்பேர்ட்'. ஆக, பாடியவர் போய்ப் பத்து வருடம் கழித்து நடந்த கூட்டு முயற்சி.

பாட்டு, காதலன் கைவிட்ட ஒரு பெண்ணுடையது. ஏப்ரன் தாழத் தொங்கிய நாளில் உறைபனியிலும் பின்னாலேயே வந்தவன், அவள் பிள்ளை உண்டாகி அது மோவாய் வரைக்கும் உயர்ந்த பிறகு வாசலைத் தாண்டிப் போகிறான், எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. மரத்தில் ஒரு கருங்குருவி உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கண் தெரியாது என்கிறார்கள். என் காதலனும் எனக்கு அப்படித்தான் என்கிறாள். பென்னட் தலைப்பை எடுத்தது அந்த அடியிலிருந்துதான். இதே மாதிரி அடிகள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எத்தனையோ பாட்டுகளில் இடம் மாறி இடம் மாறி வரும். எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது.

லிஸ்ஸி இதைத் தாளக்கட்டு இல்லாமல் பாடுகிறார். நம் ஊரில் விருத்தம் பாடுவது போல. நினைத்த இடத்தில் நிற்கிறார், நினைத்த இடத்தில் இழுக்கிறார். அப்படிப்பட்ட குரலை இயந்திரத் தாளத்துக்குள் கொண்டு வந்தால் பெரும்பாலும் குரல்தான் நசுங்கும். இங்கே அது நடக்கவில்லை. ஒவ்வொரு வரியும் தொடங்கும் இடத்தை மட்டும் தாளத்தோடு பொருத்திவிட்டு, வரிக்குள் அவர் இழுக்கும் இழுப்பை அப்படியே விட்டிருப்பதாக எனக்குக் கேட்கிறது. தாளம் காத்திருக்கிறது, பாடகி அவசரப்படவே இல்லை. நாட்டுப்பாட்டைக் கையில் எடுக்கும் இன்றைய இசைக்காரர்கள் எல்லோரும் பாடம் படிக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மூச்சு பாடகியுடையதாக இருக்க வேண்டும், மற்றவர்கள் அதற்கு இடம் விட வேண்டும்.

நீங்கள் கேட்டதில் எது இப்படி இருக்கிறது, எது இல்லை? சொல்லுங்கள்.

மலைப்பாதை:

அண்ணா, இந்தப் பாட்டு எனக்கு சைக்கிள் வீடியோ வழியாகத்தான் வந்தது. டேனி மக்காஸ்கில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கூலின் மலைமுகட்டின் மேல் சைக்கிள் ஓட்டுவாரே, 'தி ரிட்ஜ்', 2014இல் வந்தது. அதன் பின்னணி இசை இதேதான். கோடிக்கணக்கான பேர் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குரல் யாருடையது என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கரிசல்காடு:

பாட்டு நன்றாக இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 'கூட்டு முயற்சி' என்று சொல்வதுதான் இடிக்கிறது. கூட்டு என்றால் இரண்டு பக்கமும் பேச்சு இருக்க வேண்டும். 'இந்த இடத்தில் டிரம்ஸ் வேண்டாம்ப்பா' என்று சொல்ல லிஸ்ஸி அங்கே இல்லை. ஒருவர் இறந்த பிறகு அவர் குரலை எடுத்து வேலை செய்வது எவ்வளவு மரியாதையோடு நடந்தாலும், முடிவெடுத்தவர் ஒருவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிஸ்ஸியின் குடும்பம் டிராவலர் சமூகம். ஊர் ஊராகப் போய்த் தகர வேலை, குதிரை வியாபாரம், பழம் பறிப்பு என்று பிழைத்தவர்கள். ஊரார் அவர்களைக் கேவலமாகத்தான் நடத்தினார்கள். அந்த மக்களை விரட்டிவிட்டு அவர்கள் பாட்டை மட்டும் தேசியச் சொத்தாகக் கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

சுருதிப்பெட்டி:

கரிசல் ஐயா, நியாயமான கேள்வி. பென்னட் யார் என்று சொன்னால் கொஞ்சம் விளங்கும்.

1971இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ஸ்காட்லாந்துக்கு வந்துவிட்டார். தாயார் மார்கரெட் பென்னட் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் தானே நல்ல பாடகி. அதனால் இந்தப் பாடகர்கள் அவருக்கு ஆவணப்பெட்டியில் கிடைத்த அந்நியக் குரல்கள் இல்லை. அவர்கள் பாடுவதைக் கேட்டே வளர்ந்த பையன். பைப், அதாவது தோல்பையில் காற்றடைத்து ஊதும் ஸ்காட்டிஷ் குழல், வாசிப்பார். கிளாஸ்கோ இசைக் கல்லூரியில் வயலினும் பியானோவும் முறைப்படி படித்தார். அப்புறம் தொண்ணூறுகளில் இரவு விடுதி நடன இசைக்குள் போனார். இந்த மூன்று உலகமும் ஒரே ஆளுக்குள் இருந்தது.

2000இல் அவருக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் இருப்பது தெரிந்தது. கீமோ, கதிர்வீச்சு என்று போனதில் உடம்பு விட்டுப்போய், வாத்தியம் வாசிக்க முடியாமல் ஆனது. ஒரு கட்டத்தில் ஆத்திரத்தில் தன் வாத்தியங்களைத் தானே உடைத்துவிட்டார். அதற்குப் பிறகு செய்ததுதான் 'கிரிட்'. தன் கை வாசிக்காதபோது பழைய குரல்களை முன்னால் நிறுத்தினார். 2005 ஜனவரி 30 அன்று, 33 வயதில் இறந்துவிட்டார்.

லிஸ்ஸியிடம் அவர் கேட்டுச் செய்யவில்லை என்பது சரிதான். ஆனால் இரவல் குரலை வைத்து வேடிக்கை காட்டியவர் இல்லை அவர். தொகுப்பின் முதல் பாட்டு 'மூவ்'. அதில் பாடும் ஷீலா ஸ்டூவர்ட்டும் டிராவலர்தான், தொகுப்பு வந்தபோது உயிரோடு இருந்தவர், 2014இல்தான் காலமானார். 'கிளம்பு, இங்கே தங்காதே' என்று டிராவலர்களை விரட்டும் ஊராரின் குரலைத்தான் அந்தப் பாட்டு பேசுகிறது. விரட்டியதை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கொண்டாடுகிறார்கள் என்றீர்கள். இந்தத் தொகுப்பு அந்த விரட்டலில்தான் தொடங்குகிறது.

ஏட்டுச்சுவடி:

ஒரு சின்னச் சேர்க்கை. 'மூவ்' பாட்டின் மூலம் மரபுப் பாட்டு இல்லை. யூவன் மக்கால் என்ற பாடலாசிரியர் எழுதியது. 1964இல் பிபிசி வானொலிக்காக டிராவலர்கள் பற்றிச் செய்த நிகழ்ச்சியில் வந்தது. டிராவலர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டு பாடியதால் பலரும் அதை மரபுப் பாட்டு என்றே நினைக்கிறார்கள்.

ஒத்துக்குழல்:

லிஸ்ஸியின் குரலைப் பற்றி இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த இழையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அவருடைய தாயார் ஜீனி ராபர்ட்சன். இருபதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் மிகப்பெரிய கதைப்பாடல் பாடகி. 1953இல் நாட்டுப்பாட்டுச் சேகரிப்பாளர் ஹேமிஷ் ஹென்டர்சன் அபர்தீனில் அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கண்டுபிடித்த பிறகுதான் வெளியுலகம் அவரை அறிந்தது. 1968இல் அரசு அவருக்கு எம்.பி.ஈ. விருது கொடுத்தது. மகள் தாயைப் போலப் பாடவில்லை. தந்தை டோனல்ட் ஹிக்கின்ஸ் பைப் வாசிப்பவர். லிஸ்ஸி பாட்டைத் தாயிடமும் பாடும் விதத்தைத் தந்தையிடமும் வாங்கினார்.

ஹைலண்ட் பைப்பில் மொத்தம் ஒன்பது சுரம்தான். காற்றை நிறுத்த முடியாது, அதனால் நடுவில் மௌனம் கிடையாது. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டும் என்றால் நடுவில் வேறொரு சுரத்தை மின்னல் வேகத்தில் தொட்டுவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நீள ஒலியாகிவிடும். அந்தச் சின்னத் தொடுகைகள்தான் பைப் இசையின் இலக்கணமே. லிஸ்ஸி தொண்டையில் அதையே செய்கிறார். 'வாய்ஸ்' என்ற சொல்லை அவர் பாடும்போது நடுவில் குரல் ஒரு கணம் மேலே எகிறித் திரும்பும். அலங்காரத்துக்காகச் சேர்த்த கமகம் இல்லை அது. அப்பாவின் விரல்.

பென்னட்டும் பைப் வாசித்தவர் என்பதால் அது அவருக்குக் கேட்டிருக்கிறது. 'பிளாக்பேர்ட்' தொடக்கத்தில் குரலுக்கு அடியில் நீண்ட ஒலிகள்தான் ஓடுகின்றன, ஒத்து மாதிரி. பைப்பில் மூன்று ஒத்துக் குழல்கள் உண்டு, இரண்டு நடுத்தரம், ஒன்று கனம். அந்த அமைப்பைத்தான் வேறு ஒலிகளில் அவர் திருப்பிக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். தாளம் பிறகுதான் வருகிறது. பாடகியைப் புரிந்துகொண்ட ஆள்தான் இந்த வரிசையில் செய்வான்.

அலைவரிசை:

நான் இதில் கத்துக்குட்டிதான். 2021இல் 'வெல்லர்மேன்' என்று ஒரு பாட்டு டிக்டாக்கில் பரவியதே, ஆளாளுக்கு ஒரு குரல் சேர்த்துக்கொண்டே போனார்களே, அது ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டுத்தானே? எனக்குக் கூட்டு முயற்சி என்றால் அதுதான் நினைவுக்கு வருகிறது. 'அவுட்லேண்டர்' தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டும்.

வடலி:

தம்பி, 'வெல்லர்மேன்' பாடிப் பரப்பிய நேதன் எவன்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். ஏர்ட்ரி பக்கம், தபால்காரராக வேலை செய்தவர். ஆனால் பாட்டு நியூசிலாந்தின் திமிங்கில வேட்டைக்காரர்களுடையது. அவர் பாடியதோடு நடன இசைக்காரர்கள் சேர்ந்து செய்த வடிவம் 2021இல் பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் வரைக்கும் போனது.

'அவுட்லேண்டர்' பாட்டு 'ஸ்கை போட் சாங்'. அதன் மெட்டு பழைய கேலிக் பாட்டிலிருந்து வந்தது. பலரும் பாடும் ஆங்கில வரிகளை ஹெரல்ட் போல்ட்டன் எழுதி 1884இல் வெளியிட்டார். தொடரில் வருவது அந்த வரிகளும் இல்லை. அதே மெட்டுக்கு ஆர்.எல். ஸ்டீவன்சன் எழுதிய கவிதையை எடுத்து, நாயகனுக்குப் பதில் நாயகி என்று மாற்றிப் பாடியிருக்கிறார்கள். இசையமைத்தவர் பேர் மெக்ரியரி என்ற அமெரிக்கர். எனக்கு அதில் பெரிய குறை இல்லை, பைப்பும் மேளமும் வந்து சேரும் இடம் எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு ஒரு படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி நின்றுவிடுகிறது. அதை யார், எந்த ஊரில், எப்படிப் பாடினார்கள் என்ற வாசனையே அதில் வராது.

தாளக்கட்டு:

நான் மேளம் படிக்கிறவள், என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் தாங்கும், எதற்குத் தாங்காது என்பதைப் பாட்டே சொல்லிவிடும். அதைக் கேட்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே தாளம் போடுவதுதான் கெடுதல்.

கேப்பர்கெய்லி குழுவின் 'கோஷிக் அ ரூன்' கேட்டிருக்கிறீர்களா? 1992இல் பிரிட்டனின் முதல் நாற்பது பாட்டுகள் பட்டியலுக்குள் போன முதல் ஸ்காட்டிஷ் கேலிக் பாட்டு அதுதான். நானூறு வருடப் பழமை உள்ள பாட்டு என்பார்கள். கேரன் மதீசன் பாடுகிறார். அதில் கீபோர்டு, பேஸ், டிரம்ஸ் எல்லாம் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் துளிகூட உறுத்தாது. ஏன் என்றால் அது வேலைப்பாட்டு.

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளில் கம்பளித் துணி நெய்து முடித்ததும் அதைப் பழைய சிறுநீரில் ஊற வைத்து, ஒரு நீளப் பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அடிப்பார்கள். இழை நெருங்கித் துணி கெட்டிப்பட வேண்டும், காற்றும் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது. ஈரத்துணியைத் தூக்கி முன்னால் அடிப்பார்கள், இழுப்பார்கள், பக்கத்து ஆளிடம் தள்ளுவார்கள். துணி பலகையைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். ஒருத்தி வரியைப் பாடுவாள், மற்றவர்கள் பொருளில்லாத அசைகளில் பதில் பாடுவார்கள். அந்தப் பதில் ஓடும் நேரத்தில் அவளுக்கு அடுத்த வரி நினைவுக்கு வந்துவிடும். பலகையில் அடி விழும் சத்தம்தான் தாளம். துணி பதத்துக்கு வரும் வரைக்கும் பாட்டு நிற்காது.

பழைய ஒலிப்பதிவுகளில் அந்த 'தொப் தொப்' என்ற அடி தெளிவாகக் கேட்கும். இப்படிப்பட்ட பாட்டுக்கு டிரம்ஸ் வாசிப்பவர் புதிதாக எதையும் திணிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே அங்கே இருக்கும் அடியைத் தொடர்ந்தால் போதும். லிஸ்ஸி பாடுவது அந்த வகையே இல்லை. தனியாக ஒரு பெண் தன் நிலையை நினைத்துப் பாடுவது. அதனால்தான் பென்னட் செய்தது ரொம்பக் கடினமான வேலை என்கிறேன். சுருதிப்பெட்டி அண்ணா சொன்ன 'தாளம் காத்திருக்கிறது' என்பது முழுக்கச் சரி.

கரிசல்காடு:

> பாட்டே சொல்லிவிடும்

தாளக்கட்டு சகோதரி, அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. காசு யாருக்குப் போகிறது? பாட்டு மரபுப் பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை. அப்படியென்றால் ஒலித்தட்டு விற்றால், வீடியோவுக்குக் கொடுத்தால், வரும் பணம் இசையமைத்தவருக்கா, பாடியவரின் குடும்பத்துக்கா?

ஏட்டுச்சுவடி:

சட்டத்தில் இங்கே மூன்று நான்கு அடுக்குகள் உண்டு. பிரிட்டனின் நிலையைச் சொல்கிறேன்.

மரபுப் பாட்டின் சொல்லும் மெட்டும் பொதுச் சொத்து. ஆனால் ஒருவர் அதற்குப் புது இசையமைப்புச் செய்தால் அந்த அமைப்பில் அவருக்கு உரிமை வந்துவிடும். ஒலித்தட்டில் 'மரபு, இசையமைப்பு இன்னார்' என்று போடுவது அதற்காகத்தான். பாட்டைப் பாடிக் காட்டிய பாட்டிக்கு அந்த வரியில் இடமே கிடையாது. இது பல பத்தாண்டுகளாக உள்ள குறை, நான் கடுமையாக எதிர்க்கும் குறை.

ஒலிப்பதிவு வேறு கணக்கு. பதிவு செய்தவருக்கு ஒலிப்பதிவு உரிமை, பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை. அதனால் ஒரு குழு லிஸ்ஸியின் பாட்டைக் கற்றுக்கொண்டு தாங்களே பாடினால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற சட்டக் கட்டாயம்கூடக் கிடையாது. அவர் குரலையே பயன்படுத்தினால் அவரை மறைக்க முடியாது. குரல் அங்கேயே இருக்கிறது, யார் என்று கேட்பவர் கேட்டே தீருவார். மலைப்பாதை கேட்டாரே. கரிசல் ஐயா, உங்கள் கோபத்துக்கு எதிர்த்திசையில் இருப்பது இதுதான். பாட்டை மட்டும் எடுத்துத் தன் குரலில் பாடிப் பெயர் வாங்குவதைவிட, பாடியவரின் குரலையே முன்னால் வைப்பது நேர்மையான வழி என்று எனக்குப் படுகிறது.

வடலி:

நான் கிளாஸ்கோவில்தான் இருக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். மேடையில் இது எப்படி வந்தது என்பதையும் சொல்லி விடுகிறேன், கூட்டு முயற்சி என்பது அங்கேதான் முழுதாக விளங்கியது.

பென்னட் இறந்து பத்து வருடம் ஆனபோது, 2015 ஜனவரியில், கிளாஸ்கோவின் செல்டிக் கனெக்‌ஷன்ஸ் இசை விழாவின் தொடக்க நிகழ்ச்சியாக 'கிரிட்' தொகுப்பை முழுவதும் மேடையில் வாசித்தார்கள். கிரெக் லாசன் என்ற வயலின் கலைஞர் அதைப் பெரிய இசைக்குழுவுக்கு எழுதினார். கணினியில் அடுக்கிய ஒலிகளை ஒவ்வொன்றாகக் காதால் பிரித்து, மனிதர்கள் வாசிக்கும்படி எழுத வேண்டும். கிட்டத்தட்ட எண்பது பேர். சிம்பொனி இசைக்குழுக்காரர்கள், ஜாஸ் ஆட்கள், பைப்பும் ஃபிடிலும் (நாட்டார் பாணி வயலின்) வாசிக்கும் நாட்டார் இசைக்காரர்கள், எல்லோரும் ஒரே மேடையில். அப்படிப் பிறந்ததுதான் கிரிட் ஆர்கெஸ்ட்ரா. 2016இல் எடின்பரோ சர்வதேச விழாவிலும் வாசித்தார்கள்.

2018 ஜனவரியில் ஹைட்ரோ அரங்கில் பென்னட்டின் 1997ஆம் ஆண்டுத் தொகுப்பான 'பாத்தி கல்ச்சர்' இசையை வாசித்தபோது நான் போயிருந்தேன். மக்காஸ்கிலும் சைக்கிளோடு வந்தார். ஆனால் எனக்கு மனதில் நிற்பது அது இல்லை. என் இருக்கையிலிருந்து வயலின்காரர்களை நன்றாகப் பார்க்கலாம். செவ்வியல் பயிற்சி உள்ளவர்கள் தாளில் கண் வைத்து வாசிக்கிறார்கள். நாட்டார் ஃபிடில்காரர்கள் தாளை ஏறெடுத்தும் பார்க்காமல் கால் தட்டி வாசிக்கிறார்கள். வேகமான பகுதி வந்ததும் தாள் பார்த்தவர்களில் சிலர் தலையை நிமிர்த்திப் பக்கத்து ஆளின் வில்லைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார்கள். வில்லின் சாய்வே மாறிப்போனது. அந்த மாற்றத்தை எழுதிக் கொடுத்து வரவழைக்க முடியாது.

கரிசல் ஐயா கேட்ட 'இரண்டு பக்கமும் பேச்சு' அங்கே இருந்தது. ஒரே நாட்டுக்குள்ளேயே ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்த இசைகள் அவை.

கரிசல்காடு:

வடலி அவர்களே, இதை ஏற்றுக்கொள்கிறேன். உயிரோடு இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து மாறுவதுதான் நான் கேட்டது. ஒலிப்பதிவு அப்படி மாறாது, அதைச் சுற்றி நாம்தான் மாறிக்கொள்ள வேண்டும். அதனால் ஒலிப்பதிவோடு வேலை செய்பவருக்குப் பொறுப்பு இரண்டு மடங்கு.

அலைவரிசை:

இந்தியக் கலைஞர்கள் யாராவது ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டில் சேர்ந்து வாசித்திருக்கிறார்களா?

சுருதிப்பெட்டி:

உண்டு தம்பி. யார்க்ஸ்டன் தார்ன் கான் என்று மூவர் குழு. ஜேம்ஸ் யார்க்ஸ்டன் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதிக்காரர், கிட்டாரும் பாட்டும். ஜான் தார்ன் டபுள் பேஸ். சுஹைல் யூசுஃப் கான் தில்லியைச் சேர்ந்த சாரங்கி கலைஞர், உஸ்தாத் சப்ரி கானின் பேரன். 2020இல் 'நவரசா' என்ற தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் 'வெஸ்ட்லின் விண்ட்ஸ்' இருக்கிறது, 'தி ஷியரிங்ஸ் நாட் ஃபார் யூ' என்ற மரபுப் பாட்டும் இருக்கிறது. இரண்டாவது பாட்டும் ஏமாற்றப்பட்ட பெண்ணைப் பற்றியதுதான். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அறுவடையில் குனிந்து வேலை செய்ய முடியாது என்று தொடங்கும். லிஸ்ஸி பாடும் பாட்டுக்கு அக்கா தங்கை மாதிரி.

சாரங்கி அங்கே அழகாகப் பொருந்துகிறது. குரலுக்குப் பக்கத்திலேயே நடக்கும் வாத்தியம் அது, பாடுபவர் இழுக்கும் இழுப்போடு கூடவே போகும். யார்க்ஸ்டனும் கத்திப் பாடுபவர் இல்லை, பேசுவது போல மெதுவாகப் பாடுவார். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்ப அவசரப்படுவதில்லை. இந்தியாவும் ஸ்காட்லாந்தும் கைகுலுக்கும் விளம்பரப் படம் மாதிரி ஆகாமல் தப்பித்ததற்கு அந்த நிதானம்தான் காரணம்.

ஒத்துக்குழல்:

இரண்டு பக்கமும் ஆதார சுருதி மேல் நிற்கும் இசை என்பதும் காரணம். பைப்பின் சுரங்கள் ஒத்தோடு இசைந்து நிற்கும்படி அமைந்தவை, இடைவெளிகளைச் சமமாகப் பங்கிட்ட பியானோவின் சுரங்கள் அல்ல. பியானோவையும் பைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில சுரங்கள் உரசும். அதிலும் இன்றைய பைப்பின் 'ஏ' சுரம் பியானோவின் பி ஃப்ளாட்டுக்கும் கொஞ்சம் மேலே நிற்கும். கூட்டு முயற்சிகள் பலவற்றில் பைப்பை இறுதியில் இரண்டு நிமிடம் மட்டும் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். சாரங்கிக்கு அந்தத் தொல்லை இல்லை, எந்தச் சுரத்துக்கும் நழுவிப் போய்ச் சேர்ந்துவிடும்.

தாளக்கட்டு:

ரன்ரிக் குழுவின் 'லாக் லோமண்ட்' பற்றி யாரும் சொல்லவில்லையே! கோடிப் பேர் பாடுகிற பாட்டு அது.

வடலி:

சொல்லாமல் எப்படி விட முடியும். இங்கே கல்யாண வீடுகளில் கடைசிப் பாட்டு பெரும்பாலும் அதுதான். எல்லோரும் வட்டமாகக் கைகோத்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் நடுவில் நிறுத்தி, மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்ததும் வட்டம் உள்ளே பாயும். ஸ்கை தீவில் 1973இல் தொடங்கிய குழு ரன்ரிக். 2007இல் ஸ்காட்லாந்து கால்பந்து அணியின் ரசிகர்களோடு சேர்ந்து குழந்தைகள் நலநிதிக்காக இதே பாட்டை வெளியிட்டார்கள். பிரிட்டன் பட்டியலில் ஒன்பதாம் இடம்.

ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக நடந்த 1745 எழுச்சியில் தோற்று இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சிறைப்பட்ட இருவரில் ஒருவன் தூக்குக்குப் போகிறான், மற்றவன் விடுதலையாகிறான், செத்தவன் ஆவிகள் போகும் கீழ்வழியாக ஊருக்கு முதலில் போய்ச் சேர்கிறான் என்பது மக்கள் சொல்லும் கதை. அச்சில் வந்தது 1841 வாக்கில்தான். இவ்வளவு துயரமான பாட்டை ஏன் குதித்துப் பாடுகிறார்கள் என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. இந்தப் பாட்டில் இன்றைய குழுவோடு கூட்டாளியாக இருப்பது கூட்டம். பாடத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். நாட்டுப்பாட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்?

சுருதிப்பெட்டி:

இங்கே நான் மாறுபடுகிறேன் வடலி. கல்யாணத்தில் பாடுவது வேறு, சரி. ஆனால் அந்த ராக் வடிவம் கேட்டவர்களுக்கு மெதுவான வடிவம் காதில் ஏறுவதே இல்லை. ஒரு வடிவம் மற்ற எல்லா வடிவங்களையும் விழுங்கிவிட்டால் அது பாட்டுக்கு நஷ்டம்தான். 'பிளாக்பேர்ட்' கேட்டவர்கள் லிஸ்ஸியைத் தேடிப் போகிறார்கள். 'லாக் லோமண்ட்' கேட்டவர்கள் யாரைத் தேடிப் போவார்கள்?

வடலி:

தேடிப் போக ஒரு ஆள் இல்லாமல் ஊரே பாடுவதுதான் நாட்டுப்பாட்டின் இயல்பான நிலை என்று நான் சொல்வேன். சரி, இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம்.

மலைப்பாதை:

இதையெல்லாம் எங்கே இருந்து கேட்கத் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் நல்லது. லிஸ்ஸியின் தனிக்குரல் எங்கே கிடைக்கும்?

ஒத்துக்குழல்:

'பிரின்சஸ் ஆஃப் தி திசில்' என்று 1969இல் டாப்பிக் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு லிஸ்ஸியுடையது. 'வாட் எ வாய்ஸ்' என்ற தலைப்பிலேயே 1985இல் இன்னொன்று வந்தது. இசை எதுவும் இல்லாமல் வெறும் குரலைக் கேளுங்கள். அப்புறம் தாயார் ஜீனியையும் கேளுங்கள். ஒரே வீட்டில் இரண்டு விதமான பாடல் முறை இருந்தது புரியும்.

வடலி:

ஆவணங்களுக்கு 'தோபர் அன் துவல்ஹஷ்' என்ற இணையதளம் இருக்கிறது. 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுகள் பள்ளி தொடங்கியதிலிருந்து அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தது, பிபிசியின் பழைய பதிவுகள், கேனா தீவில் ஜான் லார்ன் கேம்பல் சேர்த்து வைத்தது எல்லாம் அங்கே ஏறியிருக்கிறது. இலவசமாகவே கேட்கலாம். பாடகர் பெயர், ஊர், பாட்டு வகை என்று தேடலாம். பல பதிவுகளில் பாட்டுக்கு முன்னும் பின்னும் பேச்சும் இருக்கும். யாரிடம் கற்றேன், அம்மா எப்போது பாடுவார் என்று சொல்வார்கள். அதைத் தவறவிடாதீர்கள், பாட்டைப் போலவே அதுவும் முக்கியம்.

துணி அடிக்கும் பாட்டுகள் வேண்டுமென்றால் சவுத் யூயிஸ்ட், பாரா ஆகிய தீவுகளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தாளக்கட்டு தங்கை சொன்ன பலகைச் சத்தத்தோடு கிடைக்கும்.

தாளக்கட்டு:

நன்றி அக்கா. கேட்டுக்கொண்டே எழுதுகிறேன், பாராவில் பதிவான ஒன்று கிடைத்துவிட்டது. அடியின் வேகம் பாட்டு நகர நகரக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கேப்பர்கெய்லி வடிவத்தில் வேகம் கடைசிவரை ஒரே அளவுதான். இதை வைத்து ஒரு கணக்கு எழுதிப் பார்க்கப் போகிறேன். வேறு யாருக்காவது இப்படி வேகம் ஏறும் பதிவுகள் கிடைத்தால் இங்கேயே இணைப்புப் போடுங்கள்.